சரிவூரின் அடியில் மூன்று இரவுகள்

அமெரிக்காவில், ஹார்ட் ஆறு மிசூரி ஆற்றில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக, காட்டன்வுட் மரங்களின் நிழலில் நாங்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு கேள்வி கேட்டார். பூங்கா வாசலில் கொடுத்த வரைபடத் தாளை வைத்துக்கொண்டு என் மகள் அவருக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிவந்தாள். ‘ஃபிரான்டியர்’ என்ற சொல் வந்ததும் கொஞ்சம் யோசித்து, “எல்லைப்புறம், தாத்தா” என்றாள். முளையை அடித்துக்கொண்டிருந்த அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எல்லைன்னு ஒண்ணு இருந்தா, அதுக்கு நடுன்னு ஒண்ணு இருக்கணுமே தாயி. இதுக்கு நடு எங்க இருக்கு?”

அப்பா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் அறுபது ஆண்டுகள் விவசாயம் செய்தவர். ஊர் எல்லை என்றால் அவருக்கு அது ஊரின் நடுவிலிருந்து நடந்துபோய்த் தொடும் இடம். அங்கே ஒரு சாமி நிற்கும். நடு தெரியாத எல்லையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்போது எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று இரவுகள் அங்கே தங்கியபோது நான் பார்த்தவையெல்லாம் அந்தக் கேள்வியையே சுற்றிச்சுற்றி வந்தன என்பதால், இந்தக் கட்டுரையையும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் போன இடம் ஆபிரகாம் லிங்கன் கோட்டை மாநிலப் பூங்கா. வட டகோட்டா மாநிலத்தில், மாண்டன் என்ற நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 7 மைல் தொலைவில், மிசூரி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. 1907-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த நிலத்தை மாநிலத்துக்கு எழுதிக்கொடுத்தார். அந்த மாநிலத்தின் மிகப் பழைய பூங்கா இதுவே. மினியாபோலிஸ் நகரிலிருந்து 94-ஆம் எண் நெடுஞ்சாலையில் 430 மைலுக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனோம். ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரம். அந்த நாட்களில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணிக்கு மேலாகிவிடும். ஆகவே மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தும், அவசரமில்லாமல் கூடாரம் அடித்து, சோறு வடித்து, ஆற்றங்கரை வரை நடந்துவரப் பகல் மிச்சமிருந்தது.

தங்குமிடம் தாழ்வான ஆற்றுப்படுகையில் இருக்கிறது. அங்கே நிழல் தருபவை காட்டன்வுட் மரங்கள். நீண்ட காம்பும் அகன்ற இலையும் கொண்ட இந்த மரத்தை முதன்முதலில் பார்க்கும் தமிழர் எவருக்கும் அரச மரம் நினைவுக்கு வரும். நமக்குக் காற்றே தெரியாத நேரத்திலும் இலைகள் மட்டும் சலசலத்துக்கொண்டிருக்கும். ஜூன் மாதத்தில் இதன் விதைகள் பஞ்சோடு வெடித்துப் பறப்பதால், தரையிலும் கூடாரத்தின் மேலும் மேசையிலும் இலவம்பஞ்சு கொட்டியதுபோல் வெண்மையாகக் கிடந்தது. விறகை அங்கேயே வாங்கிக்கொண்டோம். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவாமலிருக்க, தொலைவிலிருந்து விறகு கொண்டுவர வேண்டாம் என்பது அமெரிக்கப் பூங்காக்கள் பலவற்றிலும் சொல்லப்படும் அறிவுரை. கொசு உண்டு, சாயங்காலத்தில் முழுக்கைச் சட்டை இல்லாமல் உட்கார முடியாது. தங்குவதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகமில்லை. தூங்கி எழுந்தால் கால்நடையாக இரண்டு ஊர்களுக்குப் போகலாம் என்பதுதான் அந்த இடத்தின் பெருமை. ஒன்று, மாண்டன் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வாழ்ந்த ஊர். இன்னொன்று இருபது ஆண்டுகள்கூட நிலைக்காத அமெரிக்கப் படையின் கோட்டை. பலரும் கோட்டையைப் பார்க்கவே வருகிறார்கள். நாங்கள் முதலில் ஊருக்குப் போனோம்.

அந்த ஊரை ஆங்கிலத்தில் ‘ஆன்-எ-ஸ்லான்ட்’ என்கிறார்கள். ஊர் அமைந்த நிலம் ஆற்றை நோக்கிச் சாய்ந்திருப்பதால் வந்த பெயர் அது. எங்கள் வீட்டில் அதைச் சரிவூர் என்றே சொல்லப் பழகிவிட்டோம். ஏறத்தாழ 1575 முதல் 1781 வரை இங்கே மாண்டன் மக்கள் வாழ்ந்தார்கள். எண்பதுக்கும் குறையாத மண்வீடுகள் இருந்தன என்றும் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்திருக்கக்கூடும் என்றும் கணக்கிடுகிறார்கள். ஊரைச் சுற்றி அகழியும் மரக்கழிகளை நெருக்கமாக நட்ட வேலியும் இருந்தன. இப்போது ஆறு வீடுகளை மட்டும் மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற வீடுகள் இருந்த இடங்களில் புல் மூடிய வட்டமான பள்ளங்கள் தெரிகின்றன. முதலில் அவை கண்ணில் படவில்லை. காலைச் சூரியன் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் நிழல் ஏறி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வட்டங்கள் எழுந்து வருகின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் மண்வீடு ஒரு சிறு குன்று. நான்கு பெரிய காட்டன்வுட் தூண்களை நடுவில் சதுரமாக நட்டு, மேலே உத்திரங்களைக் கிடத்தி, சுற்றிலும் குட்டையான தூண்களை வட்டமாக நிறுத்தி, அவற்றின் மேல் கழிகளைச் சாய்த்து, வில்லோ விளார்களையும் காய்ந்த புல்லையும் பரப்பி, கடைசியில் மண்ணால் கனமாக மூடுவார்கள். உச்சியில் புகை போக ஒரு துளை. காட்டெருமைத்தோலைக் கூடைபோல் இழுத்துக் கட்டிய பரிசலை மழைக்காலத்தில் அந்தத் துளையின் மேல் கவிழ்த்துவிடுவார்கள். அதே பரிசலில்தான் ஆற்றையும் கடந்தார்கள். வெளியே வெயில் சுட்டாலும் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மேலிருந்து ஒரே ஒரு ஒளித்தூண் இறங்கி நடுவில் இருந்த அடுப்புக்குழியின் மேல் விழுந்தது. அப்பா அந்த நான்கு தூண்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

இந்த வீடுகள் பெண்களுக்கு உரியவை. கட்டும் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. வீட்டின் உரிமை தாய்வழியாக வந்தது. திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்ந்தான். தோட்டமும் விளைச்சலும்கூடப் பெண்களுடையவைதாம். காட்டன்வுட் மரம் மண்ணில் நீண்ட காலம் தாங்காது என்பதால் சுமார் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அப்படியானால் இந்தச் சரிவில் இருநூறு ஆண்டுகளில் ஒவ்வொரு வீடும் இருபது தடவையாவது மீண்டும் எழுந்திருக்கும் என்று என் கணவர் மனக்கணக்குப் போட்டுச் சொன்னார். தாய் கட்டுவதைப் பார்த்து மகள் கற்று, அவள் கட்டுவதைப் பார்த்துப் பேத்தி கற்றுத் தொடர்ந்த கல்வி அது.

அப்பாவை அங்கிருந்து நகர விடாமல் பிடித்து வைத்தது தானியக்குழி. வீட்டுக்குள்ளும் வெளியேயும் ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகத் தோண்டுவார்கள். வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்கும். ஏணி வைத்து இறங்க வேண்டும். மாண்டன் மக்களின் அண்டையினரான ஹிடாட்சா இனத்தில் ஏறத்தாழ 1839-இல் பிறந்த மாக்ஸிடிவியாக் என்ற பெண்மணி, இந்தக் குழியை நிரப்பும் முறையைத் தன் முதிய வயதில் ஒரு மானுடவியலாளரிடம் விரிவாகச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். சுற்றுச்சுவரை ஒட்டி, பின்னிய மக்காச்சோளக் கதிர்களை வரிசையாக அடுக்க வேண்டும். நடுவில் உதிர்த்த சோளத்தைக் கொட்ட வேண்டும். அந்தச் சோளத்துக்கு நட்டநடுவே, காயவைத்துக் கோத்த பூசணி வற்றல் சரங்களை வைக்க வேண்டும். பூசணி வற்றல் எளிதில் ஈரம் பிடிக்கும். நாலாபுறமும் சோளம் சூழ்ந்திருந்தால் ஈரம் அதனிடம் போய்ச் சேராது. இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா பலமாகத் தலையாட்டினார். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஆளுயரக் குலுக்கை இருந்தது. அதில் கம்பும் சோளமும் கொட்டி வாயை மண் பூசி அடைத்த கைகள் அவருடைய அம்மாவின் கைகள். “இங்க பனி கொட்டுமில்ல, அதான் கீழ தோண்டியிருக்காங்க” என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றையும் அந்தப் பெண்மணி சொல்லியிருக்கிறார். கதிர் முற்றும் பருவத்தில் பறவைகளையும் குதிரைகளையும் விரட்ட, தோட்டத்தில் பரண் கட்டி, அதன் மேல் சிறுமிகளும் இளம்பெண்களும் உட்கார்ந்து காவல் இருப்பார்கள், காவலின்போது பாடுவார்கள். சோளப் பயிருக்குக் குழந்தையைப்போல் உயிர் உண்டு, தாய் பாடுவதைக் குழந்தை விரும்பிக் கேட்பதுபோல் பயிரும் பாட்டைக் கேட்க விரும்பும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தினைப்புனத்துப் பரணில் நின்று கிளி ஓட்டிய குறிஞ்சிப் பெண்களைப் பாட்டில் படித்து வளர்ந்த ஒருவருக்கு இந்தச் செய்தி எப்படிப் பட்டிருக்கும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. கதிரைப் பறவையிடமிருந்து காக்க வேண்டிய எந்த நிலத்திலும் ஒரு பெண் பரணில் ஏறிக் குரல் எடுப்பாள். அவ்வளவே. ஆனால் அந்த நிலத்தை ‘ஆளில்லாத எல்லைப்புறம்’ என்று எழுதியவர்கள் இந்தக் குரலைக் கேட்டதில்லை, அல்லது கேட்டும் அதை வேளாண்மை என்று எண்ணவில்லை என்பது அன்றிலிருந்து எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சோளத்துக்கும் அவரைக்கும் தொடர்ச்சி உண்டு. பிஸ்மார்க் நகரில் விதைக்கடை வைத்திருந்த ஆஸ்கார் வில் என்பவர் இந்த மக்களிடமிருந்து விதைகளைப் பெற்று, குளிர்நிலக் குடியானவர்களுக்கு விற்றார். இன்று அமெரிக்கக் கடைகளில் ‘கிரேட் நார்தர்ன்’ என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளைப் பயறு அப்படி ஹிடாட்சா மக்களிடமிருந்து வந்ததுதான். நாங்கள் அதை முந்தைய இரவே ஊறவைத்துக் கொண்டுபோயிருந்தோம், அதன் கதை தெரியாமல்.

வீடுகளுக்கு நடுவே திறந்த வெளி. மாண்டன் ஊர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு முற்றமும் அதில் ஒரு சீடார் மரத்தூணும் இருக்கும். தூணைச் சுற்றிப் பலகைகள் வேலிபோல் நிற்கும். அவர்களுடைய ஆதி வீரன் ‘தனி மனிதன்’ பெருவெள்ளத்திலிருந்து மக்களைக் காத்ததன் நினைவு அது. பக்கத்தில் இருப்பது, மற்றவற்றைவிடப் பெரிய சடங்கு வீடு. அங்கே நின்றபோதுதான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்தது. ஹார்ட் என்றால் இதயம். இந்த ஆறு மிசூரியைத் தொடும் இடத்தை மாண்டன் மக்கள் உலகத்தின் இதயம் என்று கருதினார்கள். சரிவூர் தனியூர் அல்ல. இந்த முகத்துவாரத்தைச் சூழ்ந்து மிசூரியின் இரு கரைகளிலும் அவர்களுடைய ஊர்கள் பல இருந்தன. புல்வெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் தோலும் உலர்ந்த இறைச்சியும் கொண்டுவந்து இங்கே சோளம் வாங்கிப் போனார்கள். பசிபிக் கரையின் கிளிஞ்சல்கள்கூட இங்கே வந்து சேர்ந்தன. 1738-இல் பிரெஞ்சு வணிகர் லா வெரென்ட்ரி வடக்கிலிருந்து மாண்டன் ஊர்களைத் தேடி வந்தது, அவர்களுடைய பெயர் அவ்வளவு தொலைவு பரவியிருந்ததால்தான். “நீங்க கேட்ட நடு இதுதாம்ப்பா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தூணைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

1781-இல் பெரியம்மை வந்தது. அந்த ஆண்டுகளில் வட அமெரிக்கக் கண்டம் முழுவதும் பரவிய கொள்ளைநோய் அது. நெருக்கமாக வாழ்ந்து வணிகம் செய்தவர்களின் ஊர்களில், வணிகம் வந்த வழியிலேயே நோயும் வந்தது. எஞ்சியவர்கள் சரிவூரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் விட்டு வடக்கே, ஹிடாட்சா மக்கள் வாழ்ந்த நைஃப் ஆற்றுப் பக்கம் போனார்கள். 1804 அக்டோபரில், பசிபிக் கரைக்கு வழி தேடி அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் படகுகளில் மிசூரியை எதிர்த்து ஏறி இந்தக் கரையைக் கடந்தபோது, பார்த்தது பாழடைந்த ஊர்களையே. அவர்கள் அந்தக் குளிர்காலத்தை வடக்கே மாண்டன் மக்களின் புதிய ஊர்களுக்கு அருகில் கழித்தார்கள். அங்கே அவர்களுக்கு உதவிய தலைவர் ஷெஹெகே இந்தச் சரிவூரில் பிறந்தவர். 1806-இல் அவர்களோடு கிழக்கே புறப்பட்டு, வாஷிங்டன் போய்க் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனைச் சந்தித்தார். திரும்பும் வழியில் ஆற்றில் நடந்த மோதலால் தடைப்பட்டு, 1809-இல்தான் ஊர் வந்து சேர முடிந்தது. அமெரிக்க வரலாற்றில் புறப்பட்டு மேற்கே போனவர்களின் பயணங்கள் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. இங்கிருந்து கிழக்கே போய் மூன்றாண்டு கழித்துத் திரும்பிய இந்த மனிதரின் பயணம் என்னை அதிகமாக அசைத்தது.

இரண்டாம் நாள் காலையில் குன்றின் மேல் ஏறினோம். உச்சியில், மரத்தால் கட்டிய காவல் வீடுகள் மூன்று நிற்கின்றன. கீழ்த்தளத்தைவிட மேல்தளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவர்களில் துப்பாக்கி நீட்டத் துளைகள். 1872-இல் காலாட்படை இங்கே மக்கீன் கோட்டை என்ற பெயரில் முகாம் அமைத்தது; அதே ஆண்டிலேயே அதற்கு லிங்கனின் பெயரைச் சூட்டினார்கள். மறு ஆண்டு கீழே சமவெளியில் குதிரைப்படை முகாம் எழுந்தது. நோக்கம், மேற்கே போகவிருந்த நார்தர்ன் பசிபிக் இருப்புப்பாதையின் அளவையாளர்களுக்கும் வேலையாட்களுக்கும் காவல். அந்தத் துளைகளின் வழியே நானும் பார்த்தேன். மிசூரி வளைந்து ஓடுவதும் எதிர்க்கரையில் பிஸ்மார்க் நகரும் தெரிந்தன. ‘எல்லைப்புறம்’ என்ற சொல் இந்தத் துளையின் வழியே பார்த்தவர்களுடைய சொல். அவர்களுடைய நடு கிழக்கே, இருப்புப்பாதை புறப்பட்ட ஊர்களில் இருந்தது. கீழே, அரை மணிக்கும் குறைந்த நடையில், இன்னொரு மக்களின் உலக நடு புல் மூடிக் கிடந்தது.

கோட்டையைச் சுற்றி மதில் இருக்கும் என்று மகள் எதிர்பார்த்தாள். குதிரைப்படை முகாமுக்கு மதில் இருந்ததில்லை. திறந்த அணிவகுப்பு மைதானம், ஒரு பக்கம் அதிகாரிகளின் வீடுகள், எதிரே படைவீரர்களின் குடியிருப்பு, அதன் பின்னே லாயங்கள், அவ்வளவுதான். மதிலும் அகழியும் இருந்தது சரிவூருக்குத்தான். இதைக் கேட்டு அவள் வெகுநேரம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

இந்த முகாமின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர். அவர் வாழ்ந்த வீட்டை 1989-இல், மாநிலம் உருவான நூற்றாண்டையொட்டி, பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டினார்கள். அந்தக் காலத்து உடையணிந்த வழிகாட்டி ஒருவர், ஆண்டு 1875 என்று வைத்துக்கொண்டு, நேற்று நடந்ததுபோல எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வருகிறார். கூடம், பியானோ, படிப்பறை, மாடியறைகள். முதலில் கட்டிய வீடு 1874 பிப்ரவரியில் தீப்பிடித்து அழிந்ததையும், அதே ஆண்டில் புதிதாகக் கட்டியதையும் சொன்னார். 1876-ஆம் ஆண்டைப் பற்றி அவர் பேச முடியாது. அது அவருக்கு இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அந்த ஏற்பாடு என் தொண்டையை அடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வீட்டுக்கு வரவிருந்தது மட்டுமல்ல, அந்த வீட்டிலிருந்து புறப்பட்டுப் பிறருக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரிந்திருந்தது. 1874 ஜூலையில் இங்கிருந்து ஆயிரம் பேருக்கு மேல் கொண்ட படையை கஸ்டர் பிளாக் ஹில்ஸ் மலைகளுக்கு நடத்திச் சென்றார். அரசு 1868-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அம்மலைகள் லகோட்டா என்ற பழங்குடி மக்களுக்கு உரியவை. அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி வெளிவந்ததும் சுரங்கக்காரர்கள் திரண்டார்கள். அவர்களை அரசு தடுத்து நிறுத்தவில்லை. 1876-இல் போர் மூண்டது.

1876 மே 17 காலையில் ஏழாம் குதிரைப்படை இந்த மைதானத்தைச் சுற்றி வந்து மேற்கே புறப்பட்டது. கஸ்டரின் மனைவி எலிசபெத் முதல் நாள் முகாம் வரை உடன் போய்த் திரும்பினார். அன்று மூடுபனி விலகியபோது, படை வரிசை பாதி தரையிலும் பாதி வானிலும் நடப்பதுபோல் கானல் தோற்றம் எழுந்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஜூன் 25-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, ஷையேன் மக்கள் தங்கள் குடியிருப்பைக் காத்து எதிர்த்து நின்றார்கள். கஸ்டர் உட்பட 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ‘ஃபார் வெஸ்ட்’ என்ற நீராவிப் படகு 700 மைலை ஏறத்தாழ 54 மணி நேரத்தில் கடந்து, ஜூலை 5 இரவு பிஸ்மார்க் துறையை அடைந்தது. மறுநாள் விடியும் முன் அதிகாரிகள் இந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எலிசபெத், ஜூலை மாத வெக்கையிலும் ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, மற்ற மனைவியருக்குச் செய்தி சொல்ல அவர்களோடு நடந்தார் என்பார்கள்.

அந்த முன்றிலில் நின்று நான் இன்னும் சில பெண்களையும் நினைத்தேன். கஸ்டரோடு போன வேவுக்காரர்களில் அரிக்காரா இனத்தவர் பலர். லகோட்டாக்களோடு நீண்ட பகை இருந்ததால் அவர்கள் படையோடு சேர்ந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களும் இந்தக் கோட்டையருகே வாழ்ந்தன. கஸ்டருக்கு மிகவும் வேண்டியவரான பிளடி நைஃப் அந்தப் போரில் இறந்தார். அவர்களுடைய வீடுகளில் எந்தக் கதவு இருந்தது, யார் போய்த் தட்டினார்கள்? எலிசபெத் 1933 வரை வாழ்ந்து தன் கணவரின் புகழுக்காகவே எழுதியும் பேசியும் வந்தார். துக்கத்திலும் சிலருக்கே எழுதும் வாய்ப்புக் கிடைக்கிறது. லிட்டில் பிக்ஹார்ன் கரையில் இறந்த லகோட்டா, ஷையேன் வீரர்களின் மனைவியரையும் சேர்த்துத்தான் நான் இதைச் சொல்கிறேன்.

1891-இல் படை இந்தக் கோட்டையைக் கைவிட்டது. இருப்புப்பாதை போட்டு முடிந்திருந்தது, காவலுக்கு வேலையில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்துக் குடியேறிகள் வந்து, கட்டடங்களைப் பிரித்துப் பலகைகளையும் சட்டங்களையும் தங்கள் வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும் எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு 1930-களில், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’ இங்கே முகாமிட்டது. மண்வீடுகளையும் குன்றின் மேல் காவல் வீடுகளையும் அவர்கள் மீண்டும் கட்டினார்கள். அருங்காட்சியகத்தின் கற்கட்டடமும் அவர்கள் வேலைதான். அந்தக் கற்சுவரின் வேலைப்பாட்டைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை நின்று போகலாம்.

இரண்டாம் இரவு காற்று எழுந்தது. புல்வெளியில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை; ஆற்றுப்படுகையின் மரங்கள்தாம் கொஞ்சம் தாங்கும். நள்ளிரவுக்குப் பிறகு கூடாரத்தின் மேல்துணி ஒரு பக்கம் அவிழ்ந்து படபடத்தது. கணவரும் அப்பாவும் மழையில் நனைந்துகொண்டே முளைகளை மீண்டும் சாய்த்து அடித்தார்கள். நானும் மகளும் உள்ளே கம்பங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். “அந்த மண்வீட்டுல இருந்திருந்தா இந்தச் சத்தமே கேட்டிருக்காதுல்ல?” என்றாள் அவள். உண்மைதான். குளிர்காலத்தில் பனிப்புயல் நாட்கணக்கில் அடிக்கும் இந்த நிலத்துக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதை அறிந்தவர்கள் கட்டிய வீடு அது.

மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் ஒரு பூங்கா ஊழியரோடு பேசிக்கொண்டிருந்தோம். முதிர்ந்த காட்டன்வுட் மரங்கள் இவ்வளவு இருந்தும் அவற்றினடியில் கன்றுகளே இல்லையே என்று அப்பா கேட்கச் சொன்னார். ஊழியர் கையை வடக்கே காட்டினார். காட்டன்வுட் விதை முளைக்க, வெள்ளம் வடிந்த ஈரமான வெற்று மணல் வேண்டும். 1953-இல் மேலே கேரிசன் அணை கட்டி முடிந்த பிறகு மிசூரியில் பழையபடி வெள்ளம் வருவதில்லை. மணல்திட்டுகள் புதிதாக உருவாவதில்லை. பஞ்சு பறந்து பறந்து புல்லில் விழுந்து வீணாகிறது. நாங்கள் நிழலில் படுத்திருந்த மரங்கள் முதுமையடைந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்தை நிரப்பக் கன்றுகள் மிகச் சிலவே எழுகின்றன.

அந்த அணையால் சேதம் மரங்களுக்கு மட்டும் நேரவில்லை. 1837-இல் ஒரு நீராவிப் படகில் வந்த இரண்டாம் பெரியம்மைக்குப் பிறகு மாண்டன் மக்கள் ஏறத்தாழ நூற்றைம்பது பேருக்கும் குறைவாகவே மிஞ்சினார்கள். அவர்களும் ஹிடாட்சா, அரிக்காரா மக்களும் ஒன்றாகச் சேர்ந்து, வடக்கே ஃபோர்ட் பெர்த்தோல்டு பகுதியில் மூன்று இனங்களின் கூட்டமைப்பாக வாழ்ந்தார்கள். அங்கேயும் ஆற்றுப்படுகையின் வளமான மண்ணில் தோட்டம் போட்டார்கள். கேரிசன் அணை நீர் தேக்கியபோது அந்தப் படுகையில் ஏறத்தாழ 1,50,000 ஏக்கர் அவர்கள் கையைவிட்டுப் போனது. எல்போவுட்ஸ் என்ற அவர்களுடைய ஊர் நீரடியில் போயிற்று. 1948-இல் அந்த நிலத்துக்கான ஒப்பந்தம் வாஷிங்டனில் கையெழுத்தானபோது, இனக்குழுத் தலைவர் ஜார்ஜ் கில்லெட் முகத்தை ஒரு கையால் மூடி அழுதுகொண்டு நிற்கும் புகைப்படம் இருக்கிறது. நடு என்று ஒன்றை இருநூறு ஆண்டுகள் காத்து, அதை இழந்து, வேறோர் இடத்தில் மீண்டும் ஒரு நடுவை உண்டாக்கி, அதையும் நீருக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். மூன்று இனத்தாரும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தங்கள் சோள விதைகளை வைத்திருக்கிறார்கள். சரிவூரின் வீடுகளைத் தங்கள் மூதாதையர் வீடுகளாகவே வந்து பார்க்கிறார்கள்.

கடைசி நாள் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிய பிறகு, கிளம்பும் முன் ஒருமுறை சரிவூருக்குப் போக வேண்டும் என்று மகள் கேட்டாள். மீண்டும் கட்டிய வீடுகளுக்குள் அவள் போகவில்லை. கட்டாமல் விட்ட பள்ளம் ஒன்றின் ஓரத்தில் நின்று, ஊழியரிடம் நடக்கலாமா என்று கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு அடி எண்ணினாள். பதினேழு அடி வந்தது. எங்கள் கூடாரத்தில் நான்கு அடி வைத்தால் துணியில் முட்டும். பதினேழை அவள் இரண்டாகப் பிரித்து, எட்டரை அடி திரும்பி வந்து, பள்ளத்தின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “தாத்தா, அடுப்பு இங்கதான் இருந்திருக்கும்” என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெல்ல இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.